சுபகாரியம், கொஞ்சம் வழிவிடுங்க

காலை ஒன்பது மணிக்கு, செருப்பைக் கழற்றக்கூட மறந்து, சோமாஸ்கந்தன் மடத்துக்குள் ஓடிவந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதை உடம்பில் படாமல் எட்டப் பிடித்திருந்தார்.

வண்டார்குழலி அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சோமாஸ்கந்தனைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனாலும் பாடம் கேட்க வந்த நாளிலிருந்து அம்மையாரைத்தான் அவர் குருவாக நினைத்திருந்தார்.

"அம்மா, பத்தரைக்கு என் பொண்ணுக்கு வளைகாப்பு. ரெண்டு தடவை தங்காமப் போய், இது மூணாவது. பையைப் பிரிச்சா எள்ளும் தர்ப்பையும் இருக்கும்மா!"

மனுஷருக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"பை எப்படி மாறிச்சு?"

மளிகைக் கடையில் முகூர்த்த நாள் கூட்டம். சீட்டையும் பையையும் கொடுத்துவிட்டு, சாமான் கட்டி வைக்கும்வரை நிற்க வேண்டும். கல்கண்டும் முந்திரியும் வாங்க வந்தவருக்குக் கால் தரிக்கவில்லை. "சுபகாரியம், கொஞ்சம் வழிவிடுங்க" என்று முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னே போனார். அந்தச் சொல்லைச் சொன்னால் யார்தான் மறிப்பார்கள்? கல்லாவை ஒட்டி நின்ற ஒரு பெண்ணைத் தாண்டிக் கையை நீட்டி, கட்டி வைத்திருந்த மஞ்சள் பையை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். ஊரில் எல்லார் பையும் மஞ்சள்தான் என்பது அப்போது நினைவில்லை.

"அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லலையா?"

"எனக்கு முன்னாடியே வந்து நின்னவங்கதாம்மா. 'எங்க வீட்ல'ன்னு ஏதோ ஆரம்பிச்சாங்க. நான் சுபகாரியம்னதும் சட்டுனு வாயை மூடிக்கிட்டு ஒதுங்கிட்டாங்க."

அம்மையார் கீரையை ஓரமாக வைத்தார்.

"உங்க பை இப்ப எங்க இருக்கும்?"

கருமாதி வீட்டில் யாரோ எள்ளைத் தேடிக் கல்கண்டை அவிழ்ப்பது சோமாஸ்கந்தன் கண்ணில் தெரிந்தது. இவ்வளவு நேரம் அது அவருக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் பயம் விடவில்லை.

"கடைக்காரர்கிட்ட வீட்டைக் கேட்டு, இப்பவே கொண்டுபோய்க் குடுத்துடறேம்மா. ஆனா இந்தப் பை என் வீட்டு வாசப்படியைத் தாண்டிருச்சே. பொண்ணு வேற பாத்துட்டா. அவ முகமே செத்துப்போச்சு. ஏதாவது பரிகாரம் சொல்லுங்க."

அம்மையார் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவிழ்ந்திருந்த எள் பொட்டலத்தை, ஒரு மணி சிந்தாமல், நூல் சுற்றிக் கட்டினார்.

"தன் வீட்டுச் சாவு உங்க காதுல விழக்கூடாதுன்னு ஒருத்தங்க பேச்சை முழுங்கிட்டு ஒதுங்கி நின்னிருக்காங்க. உங்க பொண்ணுக்கு வேண்டிய பரிகாரத்தை அவங்க கடையிலயே செஞ்சுட்டாங்க, ஐயா."