ரேவதியா, அசுவினியா

மிராசுதார் வைத்திலிங்கத்தின் நெல் கிடங்கில் மூட்டை சரிந்து மாரப்பன் மத்தியானமே செத்துப்போனான். விளக்கு வைத்த பிறகு பிணத்தைக் குடிசையில் கொண்டுவந்து போட்ட மிராசுதாரின் ஆட்கள், "உயிர் இங்கே வந்துதான் போச்சு" என்று ஊருக்குச் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் மிராசுதார் ஜோசியரோடு வந்து நின்றார். அந்தக் குடிசை மனைமேல் அவருக்கு வெகுநாளாகவே ஒரு கண்.

"ரேவதி நட்சத்திரத்தில் சாவு. உயிர் போன இடத்தை மாசக்கணக்கில் அடைச்சுப் போடணும். பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு" என்றார் மிராசுதார்.

மாரப்பன் பெண்டாட்டி பவுனம்மாள் தலை நிமிரவில்லை. "ரேவதி எப்ப முடிஞ்சுது சாமி?"

ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "நேத்து விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடியே முடிஞ்சுது. அப்புறம் அசுவினி. அதுக்கு அடைப்பு கிடையாது."

"அவரைக் கொண்டாந்தது விளக்கு வெச்சப்புறம். உயிர் இங்கே போயிருந்தா அசுவினி. ரேவதியில போயிருந்தா, அது எசமான் கிடங்குல போயிருக்கு. எதை அடைக்கணும் சாமி?"

கிடங்கு நிறைய அந்தப் போகத்து நெல் இருந்தது. மிராசுதார் ஜோசியரைப் பார்த்தார். "அசுவினிதான்" என்று சொல்லி ஜோசியர் பஞ்சாங்கத்தை மூடிவிட்டார்.

குடிசை தப்பியது. அதற்கப்புறம் யார் துக்கம் கேட்க வந்தாலும் பவுனம்மாள், "வீட்டுலதான் போனாரு, நல்ல நட்சத்திரத்துல" என்று சொல்ல வேண்டியிருந்தது.