கேரியரில் கட்டிய முள்

ஒரு காட்டில் சாலை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். பள்ளத்து ஓரமாகத்தான் அம்மா முயல் தினமும் சைக்கிள் மிதிக்கும். பின்னால் கேரியரில் அதன் குட்டி பஞ்சு, பள்ளிக்கூடப் பையோடு.

அதே சாலையில் காட்டுப்பன்றி கிழங்கு லாரி ஓட்டியது. அதற்கு எப்போதும் அவசரம். முயலின் முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரனை அலறவிடும். பிறகு உரசுகிற மாதிரி தாண்டிப் போகும். அந்தக் காற்றிலேயே சைக்கிள் ஆடும்.

"அம்மா, லாரி வருதா?"

"வரலைடா. இறுக்கிப் பிடிச்சுக்கோ."

"வரலேன்னா எதுக்கு இறுக்கிப் பிடிக்கணும்?"

முயலின் காதுகள் பின்பக்கம் திரும்பியே இருந்தன.

ஒருநாள் முன்னால் முள்ளம்பன்றி சைக்கிளில் போனது. அதைக் கண்டதும் லாரி வேகத்தைக் குறைத்து, நன்றாக விலகிப் போனது.

"உங்களுக்கு மட்டும் எப்படி அண்ணே வழி விடுறாரு?" என்று கேட்டது முயல்.

"எனக்கு எங்க விட்டாரு? டயர்ல முள்ளு ஏறிடுமேன்னு பயம்."

முள்ளம்பன்றி தன் உதிர்ந்த முள் இரண்டைக் கொடுத்தது. முயல் அவற்றைக் கேரியரின் வலப்பக்கம் நீட்டிக் கட்டியது. மறுநாளே லாரி விலகிப் போனது. ஒரு வாரம் பஞ்சு பாடிக்கொண்டே பள்ளிக்கூடம் போனது.

எட்டாம் நாள் மழை. நனைந்த கயிறு தளர்ந்து, முட்கள் வழியில் எங்கோ விழுந்துவிட்டன.

"அம்மா, முள்ளைக் காணோம்."

பஞ்சு சொல்லி முடிக்கவில்லை, பின்னால் ஹாரன் கேட்டது.

மெதுவாக வரச்சொல்லி முயல் கையைக் காட்டியது. லாரி அதே வேகத்தில் உரசிக்கொண்டு போனது. சைக்கிள் சாய்ந்தது. பஞ்சு பறந்து போய்ப் பள்ளத்தின் விளிம்பில் இருந்த ஈச்சம் புதரில் விழுந்தது. அந்தப் புதர் மட்டும் இல்லையென்றால், அவ்வளவுதான்.

லாரி நின்றது. பன்றி இறங்கி ஓடிவந்தது. அதற்குள் முயல் குட்டியை இழுத்து மடியில் போட்டு, கால், வயிறு, தலை எல்லாம் தடவிப் பார்த்தது. மூச்சு இருந்தது. ஒரு காது கிழிந்திருந்தது.

"முள்ளு எங்கம்மா?" என்று கேட்டது பன்றி. "அது இருந்திருந்தா நான் விலகிப் போயிருப்பேனே."

முயல் நிமிர்ந்து பார்த்தது.

"அப்ப விலகிப் போக ரோட்டுல இடம் இருந்திருக்கு, இல்லையா அண்ணே?"



நீதி: டயருக்காக விலகத் தெரிந்தவர், உயிருக்காகவும் விலக வேண்டும்.