டம்ளரில் ஆடாத தண்ணீர்

ஒண்டிப்புதூரில் தமயந்தியின் ஷெட்டுக்கு வருகிற கார்களுக்கெல்லாம் அவளைவிட வயசு அதிகம். அவளுக்கு முப்பத்து மூன்று. அவளிடம் தொழில் கற்க வந்த வெள்ளியங்கிரிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இத்தனை நாளும் லாரி டீசல் இன்ஜினோடு மல்லுக்கட்டியவர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டர் அதில் கிடையாது. அதனால் கார்புரேட்டரைக் கண்டாலே மாமியார் வீட்டுக்குப் போன புது மாப்பிள்ளை மாதிரி அவருக்கு ஒரு கூச்சம்.

"இந்த வயசுல பொம்பளப்புள்ளகிட்ட பாடமா?" என்று தெருவில் கேட்டவர்களிடம், "உனக்குத் தெரிஞ்சா நீ சொல்லிக் குடு, உன்கிட்டயே வாரேன்" என்றார். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

ஒருநாள் அர்த்தநாரி என்பவர் தன் காரைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் செய்த பச்சைக் கார். இரண்டு பேர்தான் உட்காரலாம். மேலே கூரையை மடக்கிக்கொள்ளலாம். தலை நரைத்த மனிதர், காரைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தார். ஆனால் காரை நிறுத்திவிட்டு இன்ஜினை மட்டும் ஓடவிட்டால், அது சீராக ஓடவில்லை. கொஞ்சம் ஓடும், விக்கும், செருமும், மறுபடி ஓடும்.

"சிக்னல்ல நின்னு போகுதுங்க. பெட்ரோல் நாத்தம் வேற. மானம் போகுது. சரி பண்ணிக் குடுங்க" என்றார்.

பானெட்டைத் திறந்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கார்புரேட்டர்கள். இரண்டும் தேய்ந்து, கண்ட இடத்தில் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தன.

வெள்ளியங்கிரி தலையைச் சொறிந்தார். "ஏனுங் அம்மணி, இதுக்கே தேஞ்ச எடத்துல புஷ் வளையம் அடிச்சு ஓட்டலாம். இல்லாட்டி இதே மாதிரி புது ஜோடி வரவழைக்கலாம். இல்லாட்டி ரெண்டையும் தூக்கிப்போட்டுட்டுப் பெருசா ஒண்ணு மாட்டலாம். மூணுல எதுங்க சரி?"

"எதுல தண்ணி ஆடாம நிக்குதோ, அதுங்ணா."

"எந்தத் தண்ணி?"

தமயந்தி சிரித்தாள். "சொல்றேன். பழசுல புஷ் நிக்காது, பாடியே தேஞ்சிருச்சு. பெருசு போட்டா வேகம் வரும். அவருக்கு வேகம் எதுக்கு? புது ஜோடியே போடுங்க."

புது ஜோடி வந்தது. வெள்ளியங்கிரியே மாட்டினார். தமயந்தி ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் மாற்றி மாற்றிப் பிடித்தாள். இரண்டும் ஒரே மாதிரி மூச்சு வாங்கும்வரை ஸ்க்ரூவைத் திருகினாள். பிறகு டீ டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் பிடித்து, ஓடுகிற இன்ஜின் தலைமேல் வைத்தாள்.

தண்ணீர் ஆடவில்லை.

"அடேங்கப்பா!" என்றார் வெள்ளியங்கிரி. அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் படவில்லை. கழற்றிய பழைய ஜோடியை வேண்டுமா என்று கேட்டதற்கு, "அந்தத் தரித்திரம் எனக்கெதுக்குங்க" என்று அர்த்தநாரி கையை உதறிவிட்டார். வெள்ளியங்கிரி அதைத் தன் கையாலேயே பழைய சாமான்காரனிடம் தூக்கிக் கொடுத்தார்.

கொஞ்ச நாளில் அர்த்தநாரி திரும்பி வந்தார். கார் வந்து நின்ற சத்தமே கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஆள் நிற்கிறார்.

"பழசு இருக்குங்களா?"

"அன்னிக்கே போயிருச்சுங்க. இந்நேரம் ஏதாச்சும் ஃபவுண்டரில உருக்கி ஊத்தியிருப்பாங்க. ஏனுங்க, வண்டி மக்கர் பண்ணுதுங்களா?" என்றார் வெள்ளியங்கிரி.

"வண்டிக்கு ஒரு குறையும் இல்லீங்க."

அங்கே கிடந்த டயர்மேல் அவர் உட்கார்ந்துவிட்டார். அந்த வேட்டி வெளுப்புக்கு யாரும் அதில் உட்காரமாட்டார்கள்.

"என் வீட்டுக்காரி மரகதத்துக்கு நெனப்பு தப்பிப்போச்சுங்க. பெத்த புள்ளைகளையே தெரியாது. நான் பக்கத்துல உக்காந்து சோறு ஊட்டுனா, யாரோ எவரோன்னு பாப்பா. ஆனா சாயங்காலம் கார்ல போயிட்டுத் திரும்பி வந்தா, ஹாரன்கூட அடிக்க வேண்டியதில்ல. சொம்புல தண்ணியோட கேட்டுக்கு வந்துருவா. 'வந்துட்டீங்களா'ன்னு கேப்பா. அந்த ஒரு நிமிசம் நான் அவ புருசன். அதுக்காகவே தெனமும் சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வருவேன்."

"இப்ப?" என்றாள் தமயந்தி.

"புதுசு போட்டதுல இருந்து வரல. கேட்டுக்கு வெளிய நானும் காரும் நிக்கறோம். என்னையத்தான் தெரியுதுன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க. அந்த விக்கலத்தான் அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார். "பாவி, நானே தூக்கிக் குடுத்தேனே" என்று வெள்ளியங்கிரி தலையில் அடித்துக்கொண்டார்.

தமயந்தி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். "வாங்க, உங்க வீட்டுக்குப் போலாம்."

வீட்டு வாசலில் காரை நிறுத்தி, அதில் இடமில்லாமல் பஸ்ஸில் வந்த வெள்ளியங்கிரியும் வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கேட்டும் உள்கதவும் சாத்தியிருந்தன.

"நீங்க சீட்ல உக்காருங்க" என்றாள் அர்த்தநாரியிடம்.

"என்னால ஆகாதும்மா. மறுபடியும் அவ வராமப் போனா, அதை அங்க உக்காந்து பாக்க முடியாது." அவர் சுவரோரம் ஒதுங்கி நின்றார். வெள்ளியங்கிரி ஏறி உட்கார்ந்தார்.

"டம்ளர்ல தண்ணி வாங்கட்டுங்களா, அம்மணி?"

"வேண்டாங்ணா."

"அப்புறம் சரியாச்சுன்னு எப்படித் தெரியும்?"

"கதவைப் பாருங்க."

அவள் ஒரு கார்புரேட்டரின் ஸ்க்ரூவைத் தளர்த்தினாள். இன்ஜின் இருமிச் செத்தது. மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னாள். இந்த முறை விக்கல் வந்தது, செருமல் வரவில்லை. கதவு அசையவில்லை.

"ஐயா, பழைய சத்தம் எப்படி இருந்துச்சுங்க? கொஞ்சம் சொல்லுங்க" என்று வெள்ளியங்கிரி கெஞ்சினார்.

"தெரியலீங்களே. எப்ப நிக்கும், எப்ப மானம் போகும்னே ஓட்டிட்டு இருந்தேன். அந்தச் சத்தத்த நான் காது குடுத்துக் கேட்டதே இல்ல" என்றார் அர்த்தநாரி.

தமயந்தி கொஞ்சம் திருகுவாள், கதவைப் பார்ப்பாள். மறுபடி திருகுவாள். அத்தனை நேர்த்தியாகச் சேர்த்து வைத்ததை அவளே கெடுத்துக்கொண்டிருந்தாள். வெள்ளியங்கிரிக்குப் பார்க்கவே மனசு கேட்கவில்லை. ஆனாலும் சொன்னபடி ஆக்சிலரேட்டரை மிதித்தார்.

இன்ஜின் ஓடியது. விக்கியது. செருமியது. மறுபடி ஓடியது.

கதவு திறந்தது.

கையில் சொம்போடு மரகதம் வந்தார். தடுமாற்றமே இல்லை. கேட்டைத் திறந்து, நேராக டிரைவர் சீட்டுப் பக்கம் வந்து நின்றார்.

"வந்துட்டீங்களா? ஏனுங்க இத்தனை நேரம்?"

சொம்பு வெள்ளியங்கிரியிடம் நீண்டது.

"அம்மா, நான் வந்து..." என்று வெள்ளியங்கிரி இழுத்தார்.

"மரகதம், இங்க பாரு. நான் இங்க இருக்கேன்" என்றார் அர்த்தநாரி.

மரகதம் திரும்பிப் பார்த்தார். "வாங்க. உள்ள வந்து உக்காருங்க, இவரு இப்பத்தான் வந்தாரு" என்று விருந்தாளிக்குச் சொல்கிற மரியாதையோடு சொல்லிவிட்டு, வெள்ளியங்கிரியின் நெற்றியை முந்தானையால் துடைத்தார். "வேர்த்துக் கொட்டுது பாருங்க. குடிங்க."

வெள்ளியங்கிரி அர்த்தநாரியைப் பார்த்தார். அவர் இரண்டு கையையும் கூப்பி, குடியுங்கள் என்று தலையசைத்தார். வெள்ளியங்கிரி குடித்தார். பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது.

மரகதம் உள்ளே போனபின் அர்த்தநாரி காரைத் தொட்டுக்கொண்டு நின்றார். "ஸ்க்ரூவை இப்படியே விட்டுருங்க. சிக்னல்ல நின்னா நின்னுட்டுப் போகட்டும். நாளைக்கு நான் உக்காந்துக்கறேன்" என்றார்.

பஸ் ஸ்டாப்புக்குப் போனதும் வெள்ளியங்கிரி உடைந்தார்.

"அந்த மனுசன் கண்ணு முன்னாடியே என் நெத்தியைத் தொடச்சாங்க, அம்மணி. அவங்களுக்குத் தெரிஞ்சது அவரு இல்லீங்க. வெறும் சத்தந்தான். அதுல யாரு உக்காந்து வந்தாலும் ஒண்ணுதானுங்களே?"

தமயந்தி கையிலிருந்த கரியைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருசத்துல, அந்தச் சத்தத்துல அந்த வாசலுக்கு வேற யாராச்சும் வந்திருக்காங்களாங்ணா?"