மண்ணுக்கு உறை

ஒரு ஊர்ல ஒரு வயல் இருந்துச்சு. செங்கமலத்தோட வயல். அப்பல்லாம் அதுல கால வச்சா முழங்கால் வரைக்கும் சில்லுன்னு இறங்கும். நண்டு குடுகுடுன்னு ஓடும். புது மழை பெஞ்சா அந்த மண்வாசம் பஸ் நிக்கிற எடம் வரைக்கும் வரும். ம் கொட்டு.

ம்.

அந்த வயலுக்கு அடியில ஒரு எண்ணெய்க் குழாய் போச்சு. ஒரு நாள் அது வெடிச்சு, குபுகுபுன்னு கறுப்பா எண்ணெய் வந்து பயிரெல்லாம் கருகிப் போச்சு. அப்போ அவ மகன் வீரையன் சொல்லிட்டான், வர்ற ஆடியில இதுல நாத்து பச்சை பிடிக்கலைன்னா நான் திருப்பூருக்குப் போயிடுவேன்னு. அவளுக்கு இருந்தது அவன் ஒருத்தன்தான்.

அப்புறம் அவ தண்ணியக் கட்டிப் பாத்தா. எண்ணெய் பளபளன்னு மிதந்துச்சு. தண்ணி வடிஞ்சதும் மறுபடி மண்ணுல ஒட்டிக்கிச்சு. அப்புறம் வைக்கோலப் போட்டுக் கொளுத்துனா. மேல சடசடன்னு எரிஞ்சுது. அடியில சொதசொதன்னு அப்படியே கிடந்துச்சு.

அப்போ விவசாயக் காலேஜுலேருந்து பர்வீன்னு ஒரு பொண்ணு வந்துச்சு. மூட்டை மூட்டையா ஏதோ மண்ணக் கொண்டாந்து எருவோட தூவி, இதுல எண்ணெயத் திங்கிற கிருமி இருக்கு, ஈரம் காயாம கிளறி விடுங்கன்னு சொல்லிட்டுப் போச்சு.

கடிக்குமா?

கடிக்காது. கண்ணுக்கே தெரியாது. ஆனா கிருமின்னதும் செங்கமலத்துக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. மஞ்சளும் வேப்பிலையும் கரைச்சுத் தெளிச்சா. அதுவும் பத்தாதுன்னு பிளீச்சிங் பவுடரைத் தூவிட்டா.

பர்வீன் திரும்ப வந்து பாத்துட்டு, அப்படியே வரப்புல உக்காந்துடுச்சு.

"கொன்னுட்டீங்களேக்கா."

"நீதான கிருமின்ன? கிருமிய யாராச்சும் வளப்பாங்களா?"

பர்வீன் கேட்டுச்சு, "பாலு தயிராகுறதுக்கு என்னக்கா ஊத்துவீங்க?"

"உறை."

"இது மண்ணுக்கு உறை."

"அத மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

அப்புறம் பவுடர் படாத மூலையிலேருந்து கூடையில மண்ண அள்ளி வயல் பூரா கலந்தாங்க. செங்கமலம் சாணித்தண்ணி தெளிச்சா, கொத்திக் கொத்தி விட்டா. மழை போச்சு, வெயில் போச்சு. தூங்கிட்டியா?

ம்ம்.

எண்ணெய் வாடை மெதுவாக் கொறைஞ்சுது. ஆடி வந்துச்சு, நாத்து விட்டாங்க. குழாய் வெடிச்ச எடத்துல ஒண்ணும் மொளைக்கல. மத்த எடமெல்லாம் பச்சைப்பசேல்னு நின்னுச்சு. செங்கமலம் பயந்து பயந்து மகன்கிட்ட கேட்டா, எப்பப்பா பஸ் ஏறப் போறேன்னு.

அவன் குனிஞ்ச தலைய நிமித்தாம சொன்னான், "நான் பஸ் ஏறிட்டா நாத்த யாரு பறிக்கிறது?"

அவ்ளோதான் கதை. வயலும் தூங்கிடுச்சு, உள்ள இருக்கிற கிருமியும் தூங்கிடுச்சு. நீயும் கண்ண மூடு.