முகவரிகளை நீக்கினேன்

கணவனின் அடிக்குத் தப்பி வரும் பெண்களுக்காக, பாளையங்கோட்டையில் ஒரு சேவை நிறுவனம் நான்கு இல்லங்களை நடத்தி வந்தது. அவை எங்கே இருக்கின்றன என்று வெளியில் யாருக்கும் தெரியாது. அந்த ஒன்றை நம்பித்தான் பெண்கள் வந்தார்கள்.

அங்கே கணினிப் பொறுப்பு ஜெபக்கனிக்கு. வயது முப்பத்திரண்டு. அவளிடம் வேலை கற்க வந்த சேவியர்ராஜுக்கு ஐம்பத்து நான்கு. அவர் அவளை மேடம் என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

இல்லங்களுக்கான மென்பொருள், நிறுவனத்தின் சொந்த சர்வரில், செய்கிற மாற்றங்களையெல்லாம் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியமாக இருந்தது. அதை எழுத உதவிய வெளியூர்த் தன்னார்வலர்கள் அதை இணையத்திலேயே படிக்க வேண்டும் என்றார்கள். சேவியர்ராஜ் திறந்துவிட்டார். யாரும் பார்க்கலாம், யாரும் முழுப் பிரதி எடுக்கலாம். ஜெபக்கனியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல காரியம் செய்கிறவர்களுக்கு எப்போதும் கொஞ்சம் அவசரம்தான்.

ஐந்தாம் நாள் காலை, ஓர் இல்லத்தில் தங்கியிருந்த பாக்கியலீலாவின் கணவன் அதன் வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். போலீஸ் வந்து அவனைப் பிடித்துப் போனது. இல்லத்தின் பெயரைத் தேடினேன், முகவரி நெட்டிலேயே இருந்தது என்று அவன் சொன்னான். அதற்குள் பாக்கியலீலா கைக்குழந்தையோடு பின்கதவு வழியாகப் போய்விட்டிருந்தாள்.

சேவியர்ராஜ் ஜெபக்கனியின் மேஜை முன் வந்து நின்றார்.

"மேடம், முகவரிக் கோப்பை அழிச்ச பிறகுதான் திறந்துவிட்டேன். சத்தியமா. அப்புறம் அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் தன் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"வெளியில மூடிட்டேன். இங்க மட்டும்தான் தெரியும். அவன் பார்த்த மாதிரியே பாருங்க."

அவர் தேடினார். "கோப்பு இல்லையே மேடம்."

"பழைய மாற்றங்கள்னு இருக்குல்ல, அதைத் திறங்க. ரெண்டாவது வரியை வாய்விட்டுப் படிங்க."

அவர் படித்தார்.

"இல்லங்களின் முகவரிகளை நீக்கினேன்."

"யாரு எழுதினது?"

"நான்தான். எதை மாத்தினாலும் குறிப்பு எழுதணும்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க."

"ஆமா, நான்தான். அதை அழுத்துங்க."

அழுத்தினார். நீக்கிய வரிகள் சிவப்பில் வந்தன. நான்கு முகவரிகள், கதவு எண்ணோடு.

"இப்பதான் மூடிட்டீங்களே மேடம். இனிமே யாரும் பார்க்க முடியாதுல்ல?"

"பத்தொன்பது பேர் பிரதி எடுத்திருக்காங்க. பழசெல்லாம் சேர்ந்துதான் போயிருக்கும். நாலு இல்லத்தையும் காலி பண்ண வேன் போயிருக்கு."

அவருக்கு அழுகை வந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பாக்கியலீலா எங்க இருக்குன்னு சொல்லுங்க மேடம். கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடுறேன்."

"தெரியாது அண்ணாச்சி."

"நம்மகிட்டகூடவா சொல்லல?"

"சொல்லியிருந்தா அதையும் எங்கேயாவது எழுதி வச்சிருப்போம்."