கிண்ணத்தின் உதடு

“டீச்சர், தண்ணி என்னை ஏமாத்துதுங்க.”

ஆறுச்சாமி இப்படிச் சொன்னபோது மரகதவல்லி தரையில் ஒரு திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தார். தேடுவதை நிறுத்தவில்லை.

“எப்ப இருந்துங்க?”

“புதுச் சக்கரம் மாட்டினதுல இருந்து.”

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு ஐம்பத்து மூன்று. ஆலமரத்தடியில் இளைய குருவும் கிழச் சீடர்களும் அமர்ந்த கதை பழசுதான். ஆனால் அந்தக் குரு வாயே திறக்கவில்லை. யார் யாரை எப்படி விளிப்பது என்பதற்கு அங்கே விடை இல்லை. இவர்கள் இருவரும் ‘வாங்க, போங்க’ என்று சமாளித்தார்கள்.

ஆறுச்சாமி கோயம்புத்தூரில் முப்பது வருஷம் பம்பு செய்தவர். பம்பு தண்ணீருக்குச் சக்தி கொடுப்பது. டர்பைன் தண்ணீரிடம் வாங்குவது. கொடுத்தது போதும், இனி கொஞ்சம் வாங்கலாம் என்று மரகதவல்லியின் பட்டறைக்கு வந்திருந்தார்.

முதல் வேலை, மலைமேல் ஓர் ஆஸ்பத்திரிக்கு மின்சாரம்.

அங்கே ஓடையில் தண்ணீர் கொஞ்சம். விழும் உயரமோ அதிகம். அப்படிப்பட்ட இடத்துக்குக் கிண்ணச் சக்கரம்தான் பொருந்தும். விளிம்பு நெடுகக் கிண்ணங்கள். குழாய் முனையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் அவற்றை ஒவ்வொன்றாக அறைந்து சக்கரத்தைச் சுழற்றும். ஆறுச்சாமிதான் இதைத் தேர்ந்தெடுத்தார். டீச்சர் தலையாட்டினார்.

வம்பு கிண்ணத்தின் வடிவத்தில் வந்தது.

பழைய வார்ப்பில், தண்ணீர் கிண்ணத்துக்குள் வளைந்து திரும்பி, சாய்ந்த உதட்டின் வழியே ஓரமாக வெளியேறியது. அந்தச் சாய்வு ஆறுச்சாமியின் கண்ணை உறுத்தியது. வெளியே போகிற தண்ணீரில் இன்னும் ஓட்டம் இருக்கிறதே, அது யார் வீட்டுச் சொத்து?

உதட்டை நிமிர்த்தினார். தண்ணீர் வந்த திசைக்கே முழுதாகத் திரும்பும்படி வளைத்தார். இனி அது தன்னிடம் உள்ள வேகத்தையெல்லாம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும். கணக்கு அப்படித்தான் சொன்னது.

சக்கரமோ பழையதைவிட மந்தமாகச் சுற்றியது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி டாக்டர் சோதனை பார்க்க வருகிறார். திருப்தி இல்லையென்றால் டீசல் எஞ்சின் வாங்கிவிடுவார். ஓடை சும்மா ஓடும். ஆறுச்சாமி மறுபடி பம்புக்குப் போவார்.

“வார்ப்புல கோளாறுங்களா டீச்சர்?”

“இல்லைங்க.”

“கணக்குல?”

“அதுவும் சரிதானுங்க.”

“அப்புறம்?”

திருகாணி கிடைத்துவிட்டது. மரகதவல்லி எழுந்தார்.

“சாயங்காலம் நம்ம லேத்து ஓட்டற சின்னராசு பொண்ணுக்குக் கல்யாண வரவேற்பு. வாங்க, போலாம்.”

“டீச்சர், திங்கக்கிழமை...”

“பரிசை நீங்களே கொடுங்க. ஆனா ஒண்ணு. கொடுத்த பிறகு நான் கூப்பிடற வரைக்கும் நின்ன எடத்தை விட்டு அசையக் கூடாது.”

குருவிடம் காரணம் கேட்கக் கூடாது என்று ஆறுச்சாமி எங்கோ படித்திருந்தார். இதை எழுதியவர்கள் பெரும்பாலும் குருமார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

*

மண்டபத்தில் மேடையேற நீண்ட வரிசை.

ஆறுச்சாமி சுவர்க் கடிகாரத்தை மாப்பிள்ளையிடம் கொடுத்தார். வாழ்த்தினார். போட்டோவுக்குச் சிரித்தார்.

நின்றார்.

“சார், அப்படியே எறங்கிக்கங்க,” என்றார் போட்டோக்காரர்.

நின்றார்.

மாப்பிள்ளை பெண்ணின் பக்கம் குனிந்தார். “யாரு, உங்க பெரியப்பாவா?”

“நான் உங்க பெரியப்பான்னு நெனச்சேன்.”

பின்னால் வரிசை முட்டியது. ஓர் அம்மாள் இடுப்புயரக் குத்துவிளக்கைக் கட்டியணைத்தபடி வந்துகொண்டிருந்தார். அதன் நுனி ஆறுச்சாமியின் முதுகில் குத்தியது.

“ஏனுங்க, கொடுத்தாச்சில்லீங்க? இன்னும் என்னத்துக்கு நிக்கறீங்க?”

“நிக்கச் சொல்லியிருக்காங்க.”

“பரிசு கொடுக்கத் தெரியுது, நகரத் தெரியாதா?” என்று வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல்.

“திருப்பி வாங்கிட்டுப் போகலாம்னு நிக்கறாராட்ட இருக்குது,” என்றது இன்னொரு குரல்.

நான்கு பேர் சிரித்தார்கள். நாற்பது பேர் சிரிக்கவில்லை. அவர்களுடைய பரிசுகள் மேடைக்குக் கீழேயே நின்றன. மாப்பிள்ளையின் கைகள் காலியாகக் காத்திருந்தன.

கீழே முதல் வரிசை நாற்காலியில் மரகதவல்லி வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

“சார்!” என்று கூப்பிட்டார். “இருந்ததை முழுசாக் கொடுத்துட்டீங்களா?”

“முழுசாக் கொடுத்துட்டேனுங்க டீச்சர்!”

“அப்புறம் ஏனுங்க எதுவுமே நகர மாட்டேங்குது?”

ஆறுச்சாமி பதில் சொல்ல வாயைத் திறந்தார். குத்துவிளக்கு மறுபடியும் முதுகில் இடித்தது.

திரும்பி அந்த அம்மாளைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் ஒருவர் முதுகில் ஒருவராக நெருக்கியடித்து நின்ற அத்தனை பேரையும், ஒரு சக்கரத்தின் கிண்ணங்களைப் பார்ப்பதுபோல, வரிசையாகப் பார்த்தார்.

பிறகு ஓரமாகச் சாய்ந்து படியிறங்கினார்.

மேடை வரிசை சடசடவென்று ஓடத் தொடங்கியது.

நேராக டீச்சரிடம் வந்து கையை நீட்டினார்.

“பட்டறைச் சாவி கொடுங்க டீச்சர். கொடுத்த தண்ணி வெலகாம அடுத்த கிண்ணத்து முதுகுல முட்டுதுங்க. உதட்டை மறுபடி சாய்க்கணும்.”

மரகதவல்லி சாவியைக் கொடுக்கவில்லை. பந்தி நடக்கும் பக்கம் கைகாட்டினார்.

“சாப்பிட்டுட்டுப் போங்க சார். நடந்து போகத் தெம்பு வேணுமில்லீங்க?”