களவாவுக்குக் கட்டிய கல்

"வீட்டுக்குப் போனா என்னால இருக்க முடியலம்மா" என்றார் தருமலிங்கம்.

நீலவேணி அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கடலோர மடம் அவருடையது. சீடர் தருமலிங்கத்தைவிடப் பத்து வயது இளையவர்.

தருமலிங்கம் தூண்டில் போட்டுப் பிழைத்தவர். மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரே நாளில், படகு வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு மடத்துக்கு வந்துவிட்டார்.

"ஏன் முடியல?"

"போன மாசம் போனேன். பெஞ்சாதி சாமின்னு கால்ல விழுந்தா. மணை போட்டு உக்கார வச்சுட்டாங்க. இறங்கி ஒரு வாய் சோறு கேக்க வழியில்ல. மக தள்ளியே நின்னா. ஆவணியில அவளுக்குக் கல்யாணம். நான் சாமியா போய் நின்னா, அவ யாரை அப்பான்னு கூப்பிடுவா?"

அம்மை கீரையை ஓரம் வைத்தார்.

"எனக்கு ஒரு களவா மீன் வேணும். உயிரோட. முப்பது பாக ஆழத்துக்குக் கீழேருந்து."

மடத்தில் கருவாட்டு வாசனைகூட ஆகாது. இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று தருமலிங்கத்துக்கு விளங்கவில்லை. ஆனாலும் தூண்டிலோடு ஒரு படகை இரவல் வாங்கித் தள்ளினார். அம்மையும் ஏறிக்கொண்டார்.

களவா மாட்டியதும் பழைய கை சும்மா இருக்கவில்லை. ஒரே மூச்சில் இழுத்துப் போட்டார்.

"இதைத் திரும்பக் கீழ அனுப்புங்க" என்றார் அம்மை.

தண்ணீரில் விட்டார். மீன் வயிறு வீங்கி மல்லாந்து மிதந்தது. கையால் அமுக்கினார். மேலே வந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி வந்தது.

"ஏன் போகல?"

"உள்ள காத்துப்பை இருக்கும்மா. ஆழத்துக்குத் தக்க அதைக் கூட்டிக் குறைச்சுத்தான் மீன் நின்ன இடத்துல நிக்கும். நான் வெடுக்குனு இழுத்துட்டேன். பை ஊதிப்போச்சு. இனி அது ஆசைப்பட்டாலும் இறங்க முடியாது."

"அப்ப செத்துடுமா?"

தருமலிங்கம் படகில் கிடந்த கயிற்றை எடுத்தார். அதில் ஒரு கல்லைக் கட்டினார். தூண்டில் முள்ளைத் தலைகீழாக முடிந்து, மீனின் உதட்டில் மாட்டி இறக்கினார். பதினைந்து பாகத்தில் கயிறு தானாகத் துடித்தது. சுண்டினார், முள் கழன்றது. கல் மட்டும் மேலே வந்தது.

"இன்னும் பாதி ஆழம் இருக்கே?"

"பை சுருங்கிடுச்சு. இனி அதுவே போய்க்கும்."

"சரி, திரும்புவோம்."

"எனக்கு ஒண்ணும் சொல்லலியேம்மா?"

படகு கரை சேர்ந்தது. அம்மை மடத்து அடுக்களையில் கிடந்த அம்மியைக் காட்டினார்.

"இதைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

"எதுக்கும்மா?"

"கல்யாணத்துல பொண்ணு அம்மி மிதிக்க வேணாமா?"

தலையில் அம்மியோடு மூன்று மைல் நடந்தார். எதிரே வந்தவர்கள் எதற்கென்று கேட்டார்கள். கல்யாணத்துக்கு என்றார்; அதற்கு மேல் அவருக்கே தெரியவில்லை. கழுத்து வலியில் ஆண்டவனும் மறந்துபோனான்.

வாசலில் மனைவி அஞ்சலாட்சி கைகூப்பி ஓடிவந்தாள்.

"கும்பிடுறது இருக்கட்டும். ஒரு கை புடி. கழுத்து ஒடியுது."

இருவருமாக இறக்கினார்கள். அவள் அந்த அம்மியைப் பார்த்தாள். தாழ்வாரத்தில் கிடந்த தன் அம்மியைப் பார்த்தாள்.

"வீட்டுல அம்மி இருக்கறது தெரியாதா? இம்மாந்தூரம் சுமந்துட்டு வந்தீங்களே, புத்தி இருக்கா மனுசனுக்கு?"

மூன்று வருடத்தில் அவள் அவரைத் திட்டியது இதுதான் முதல் தடவை.

தருமலிங்கம் வெறும் தரையில் உட்கார்ந்தார்.

"சோறு இருக்கா?" என்றார்.